ஒரு நாள் மூட்டை

குற்றால மலையில் வேட்டைக்குப் போன ஆசாமி ஒருவன் தமிழ் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவன். அவன் பெயர் சிங்கன். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் தலைவர் குற்றாலநாதர், தலைவி வசந்தவல்லி. ஆனாலும் கதையின் பின்பாதியில் மேடையைப் பிடித்துக்கொள்கிறவன் பறவை பிடிக்கப் புறப்படும் இந்தச் சிங்கன்தான். அவனுக்குக் கண்ணி வேண்டும், வலை வேண்டும். கேட்டதை எடுத்துக் கொடுக்க நூவன் என்று ஒரு கூட்டாளியும் உண்டு.

நம் வீடுகளில் அந்த நூவன் உத்தியோகம் யாருடையது என்று சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "துண்டு எங்கே? செருப்பு எங்கே? என் கண்ணாடியை எதில் வைத்தாய்?" என்று புறப்படுகிற அன்று காலையில் கேட்கிற குரல்களுக்கெல்லாம் பதில் சொல்கிறவர்கள் நீங்கள்தானே? ஆகவே இந்த வாரம் நூவன்களோடுதான் பேச்சு.

இன்றைக்குச் சிங்கன் கண்ணியும் வலையுமாக மலையேறினால் அவன் போய்ச் சேருகிற இடம் சிங்கியின் வீடாக இராது. 1972-ஆம் வருஷம் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவன் ஜெயிலுக்குத்தான் போக வேண்டும். வேட்டை போயிற்று, அது போனது நல்லதே. ஆனால் வேட்டைக்காரன் தோளில் தொங்கிய பை இருக்கிறதே, அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, பிடித்ததைக் கொண்டு வருவது. மற்றொன்று, பிடிக்கப் போனவன் முழுசாக வீடு திரும்புவது. முதல் வேலை சட்டத்தோடு முடிந்துவிட்டது. இரண்டாவது வேலை முடியவில்லை. மலை அப்படியேதான் இருக்கிறது. சாரலும், இருட்டும், வழுக்குப் பாறையும், அட்டையும் அப்படியேதான் இருக்கின்றன. ஏறிப் போகிற நாம்தான் துவட்டத் துண்டு ஒன்று, மாற்றுத் துணி ஒன்று என்று கிளம்பிவிடுகிறோம்.

பேரருவியிலோ ஐந்தருவியிலோ குளித்துவிட்டு, செங்கோட்டைப் பக்கம் பரோட்டா சாப்பிட்டுத் திரும்புகிறவர்களுக்குத் துண்டும் துணியும் போதும். நான் சொல்வது அதற்கு மேலே போகிறவர்களை. பேரருவிக்கு மேலே இரண்டு மூன்று கிலோமீட்டரில் செண்பகாதேவி அருவியும் அம்மன் கோயிலும் இருக்கின்றன. அதற்கும் மேலே தேனருவி. இவை காப்புக்காட்டுக்குள் இருப்பவை. வனத்துறை அனுமதிக்கிற நாளில், அனுமதிக்கிற இடம் வரையில்தான் போகலாம். சித்ரா பௌர்ணமிக்கு அம்மனைப் பார்க்கப் போகிற குடும்பங்கள் உண்டு. 2024-ஆம் வருஷம் தமிழக அரசு மாநிலம் முழுவதும் நாற்பது மலைப்பாதைகளை வகுத்து, வழிகாட்டியோடு நடந்து போக ஏற்பாடு செய்தபின், கல்லூரிப் பெண்களும் அலுவலகத் தோழிகளும்கூட ஒரு நாள் நடைக்குக் கிளம்புகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அந்த ஒரு நாள் மூட்டையில் என்ன இருக்க வேண்டும்?

போகிற நேரம் வேறு, திரும்புகிற நேரம் வேறு

பதிலை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போட்ட திட்டத்துக்காகப் பை கட்டாதீர்கள். திட்டம் மூன்று மணி நேரம் பிசகினால் என்ன தேவையோ அதைக் கட்டுங்கள்.

காலை எட்டு மணிக்கு ஏறி, ஒரு மணிக்குச் சாப்பிட்டு, நான்கு மணிக்கு இறங்குவது திட்டம். எல்லாம் சரியாக நடந்தால் பையே வேண்டாம். மடியில் நான்கு இட்லி கட்டிக்கொண்டு போய்வரலாம். யாருக்கோ கால் பிசகுகிறது. ஓடையில் தண்ணீர் ஏறி, வடிகிற வரையில் காத்திருக்க வேண்டியதாகிறது. குழந்தை நடக்கமாட்டேன் என்கிறது. நான்கு மணி ஏழு மணியாகிறது. அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் மூட்டை. ஒரு சாமானைக் கையில் எடுக்கும்போதெல்லாம், "ஏழு மணிக்கு இது எதற்கு உதவும்?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் பைக்குள், இல்லாவிட்டால் அலமாரிக்குள்.

"ஒரு நாள் கூத்துக்கு எதுக்கு இவ்வளவு மூட்டை?" என்று வாசலில் நின்று வீட்டுக்காரர் கேட்பார். "கூத்து ஒரு நாள்தாங்க. அது எத்தனை மணிக்கு முடியும்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்.

எப்படிப்பட்ட பை?

இரண்டு தோளிலும் மாட்டுகிற பையே வேண்டும். ஜோல்னாப் பை, ஒயர் கூடை, மஞ்சள் பை எல்லாம் கடைத்தெருவுக்கு மிக நல்லவை. மலைக்கு உதவமாட்டா. வழுக்குகிற பாறையில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். ஒன்று கொடியைப் பிடிக்க, மற்றொன்று குழந்தையைப் பிடிக்க.

கனம் உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அறுபது கிலோ உள்ளவர் ஆறு கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டாம். அதிலும் பாதி தண்ணீர்தான். எல்லாவற்றையும் ஒருவர் முதுகில் ஏற்றுவதும் தப்பு. அவர் பின்தங்கினால் தண்ணீரும் பின்தங்கிவிடும். அவர் முன்னே போய்விட்டால் மருந்தும் முன்னே போய்விடும். பத்து வயதுக் குழந்தைக்குக்கூட ஒரு சின்னப் பையும், அதில் அதற்கென்று ஒரு தண்ணீர்ப் பாட்டிலும், ஒரு விசிலும் இருக்கட்டும்.

அடுக்குவதற்கும் முறை உண்டு. கடைசியில் தேவைப்படும் மாற்றுத் துணி அடியில். கனமான தண்ணீர் முதுகை ஒட்டி நடுவில். திடீரென்று தேவைப்படும் மழைச் சட்டை, டார்ச், மருந்து மேலே. மருந்துக்காகப் பை முழுவதையும் பாறைமேல் கொட்டினால், கொட்டியதில் பாதியைக் குரங்கு கொண்டுபோய்விடும்.

குற்றாலத்துக் குரங்குகளைப் பற்றிக் கவிராயரே பாடிவிட்டார். நான் சேர்க்க வேண்டியது ஒன்றுதான். சரசரக்கிற கவர் என்றால் அதில் தின்பண்டம் இருக்கிறது என்பது அவைகளுக்கு மனப்பாடம். ஆகவே எதுவும் பைக்கு வெளியே தொங்கக் கூடாது. ஜிப்பு முழுவதும் மூடியிருக்க வேண்டும். குரங்கு ஒன்றைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். நீங்களும் பதிலுக்கு இழுக்காதீர்கள். முறுக்குப் பொட்டலத்துக்காகக் கடிபட்டு, பிறகு வெறிநாய்க்கடி ஊசியை நாலைந்து தடவை போட்டுக்கொள்வது லாபகரமான வியாபாரம் அல்ல.

வெளிச்சம்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் மலை மேற்கே இருக்கிறது. இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? சூரியன் கடலிலோ வயலிலோ அஸ்தமிக்கிறதில்லை. மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. பஞ்சாங்கம் சொல்லுகிற அஸ்தமனத்துக்கு வெகு முன்பே அடிவாரத்தில் நிழல் விழுந்துவிடும். மரத்தடியில் இன்னும் சீக்கிரம். ஊருக்குள் கோலப்பொடி தெரிகிற வெளிச்சம் இருக்கும்போதே, காட்டுக்குள் கால் வைக்கிற கல் தெரியாது. சாரல் மேகம் கவிந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே பையில் முதலில் போக வேண்டியது டார்ச் லைட். "செல்போனில் விளக்கு இருக்கிறதே" என்பீர்கள். அந்த ஒரே சாமானில்தான் விளக்கு, காமிரா, பாட்டு, உதவிக்குக் கூப்பிடுகிற வழி எல்லாம் இருக்கின்றன. பகல் முழுவதும் படம் பிடித்த போன், ஏழு மணிக்கு விளக்காகவும் இருக்க வேண்டும், ஆளைக் கூப்பிடவும் வேண்டும் என்றால் அது பாவம், என்ன செய்யும்? மலையில் பல இடங்களில் சிக்னலும் கிடையாது. சிக்னலைத் தேடித் தேடியே பாட்டரியைத் தின்றுவிடும். ஏறும்போதே அதை அணைத்து வைத்துவிட்டு, விளக்குக்கு டார்ச்சை நம்புங்கள். பழைய ஷிகாரிகள் ஒரு தந்திரம் செய்வதுண்டு. டார்ச்சுக்குள் ஒரு பாட்டரியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டால், பைக்குள் சுவிட்ச் அழுந்தினாலும் விளக்கு எரிந்து தீராது. வேண்டும்போது நேராக்கிக்கொள்ளலாம். பாட்டரி போடுகிற டார்ச்சானால் இது இன்றைக்கும் செல்லும்.

தண்ணீரும் சாப்பாடும்

சுற்றிலும் அருவி கொட்டுகிற ஊரில் தண்ணீர் சுமப்பதா என்று சிரிக்காதீர்கள். குளிக்கிற தண்ணீர் வேறு, குடிக்கிற தண்ணீர் வேறு. மேலே மிருகம் இறங்கிய ஓடைதான் கீழே பளிங்கு மாதிரி ஓடுகிறது. பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர், காய்ச்சி ஆறவைத்தது, வீட்டிலிருந்தே போகட்டும். அதோடு ஒரு சின்னப் பொட்டலம்: ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் இதைக் கரைத்தால், வயிற்றுப்போக்கானாலும் வியர்த்துக் களைத்தாலும் உடம்புக்கு இழந்தது திரும்பக் கிடைக்கும். அளவு முக்கியம். "கொஞ்சம் தாராளமாக இருக்கட்டுமே" என்று உப்பை அள்ளிப் போட்டால் குழந்தைக்குக் கெடுதல்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் பாட்டிமார்களுக்கு மிஞ்சிய நிபுணர்கள் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் ரயிலுக்குக் கட்டுகிற அதே கட்டுச் சோறுதான் மலைக்கும் உகந்தது. இட்லிக்கு இரண்டு பக்கமும் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டிய வாழையிலையில் வையுங்கள். எண்ணெய் இட்லியைக் காயவிடாது. புளிச் சாதத்தில் புளியும் எண்ணெயும் காவல். சாதத்தை நன்றாக ஆறவிட்டுக் கட்ட வேண்டும். சுடச்சுட மூடினால் வியர்த்து ஊசிப்போகும். தயிர்ச் சாதத்தைத் தயிரில் பிசையாமல், பாலில் குழையப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால், மத்தியானம் திறக்கும்போது புளிக்காமல் பக்குவமாக உறைந்திருக்கும். தேங்காய்ச் சட்டினி மட்டும் கூடவே கூடாது. முதலில் கெடுவது அதுதான். கெட்டபின் மற்றதையும் கெடுப்பதும் அதுதான்.

இவ்வளவும் ஒரு மணிச் சாப்பாடு. ஏழு மணிக்கு? அதற்கு ஆளுக்கு இரண்டு கடலை மிட்டாய் தனியே ஒரு டப்பாவில் இருக்கட்டும். 2020-ஆம் வருஷம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். குறியீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேட்டைக்காரனுக்கு ஏற்ற பலகாரம். வேர்க்கடலையும் வெல்லமும், கெடாது, நசுங்காது, கைப்பிடிக்குள் ஒரு வேளைச் சக்தி. ஆனால் ஒரு சட்டம் போட வேண்டும். வீட்டு வாசலைத் திரும்ப மிதிக்கிற வரையில் அந்த டப்பாவைத் திறக்கக் கூடாது. சும்மா பசிக்கிறது என்று நடுவில் திறப்பது, அவசரத்துக்கென்று முடிந்து வைத்த காசைச் சினிமாவுக்குச் செலவழிப்பது போலத்தான்.

ஈரம்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் எவ்வளவு சுகமானவை என்று சொல்லத் தேவையில்லை. அருவியில் நின்று வெளியே வந்த குழந்தையின் உதடு நீலமாவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெயில் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும். ஏழு மணிக்கு வெயில் இராது. நனைந்த பருத்தித் துணி உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த துணியும், குழந்தைகளுக்கு ஒரு ஸ்வெட்டரும், தண்ணீர் புகாத பையில் கட்டி அடியில் வையுங்கள். பகலில் குளித்துவிட்டு மாற்றுகிற துணி இதில் சேராது. அது வேறு கணக்கு. கையில் குடை பிடித்து மலையேற முடியாது. மழைச் சட்டை வேண்டும்.

பெண்களுக்கு மாத விலக்குக்கான துணியோ நாப்கினோ ஒன்றிரண்டு இருக்கட்டும். கணக்குப்படி நாள் இல்லையே என்பீர்கள். கணக்குத் தப்புகிற நேரத்துக்குத்தான் இந்த மூட்டையே. உபயோகித்ததைச் சுற்றிக் கொண்டுவர ஒரு பழைய செய்தித்தாளும் பையும் சேர்த்து வையுங்கள்.

காலுக்கு ஹவாய்ச் செருப்பு வேண்டாம். அடிப்பக்கம் பல் பல்லாக உள்ள, குதிகாலைப் பிடித்துக்கொள்கிற செருப்போ ஷூவோ வேண்டும். அதையும் அன்றைக்குப் புதிதாக வாங்கிப் போடக் கூடாது.

அட்டையும் அரவமும்

மழைக் காலத்தில் ஈர இலைமேல் அட்டை காத்துக்கொண்டிருக்கும். அட்டை கடித்து யாரும் சாவதில்லை. பயந்து ஓடி விழுந்துதான் அடிபடுகிறார்கள். வெடுக்கென்று பிடுங்காதீர்கள். சிகரெட்டால் சுடுவதும் வேண்டாம். சுட்டால் அது குடித்ததைப் புண்ணிலேயே கக்கிவிடும். மெல்லிய தலைப்பக்கத்தின் அடியில் நகத்தைக் கொடுத்துச் சாய்வாகத் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று இருப்பதால் கொஞ்ச நேரம் இரத்தம் வந்துகொண்டேயிருக்கும். கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்தினால் நிற்கும். ஒரு பொட்டலம் உப்பை வாசற்படியிலேயே காலுறைமேல் தேய்த்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

மருந்துப் பொட்டலத்தில் அதிகம் வேண்டாம். அகலமான கட்டுத்துணிச் சுருள் இரண்டு, பஞ்சு, புண்ணுக்கு மருந்து, பிளாஸ்திரி, சின்னக் கத்தரிக்கோல், காய்ச்சல் வலிக்கு மாத்திரை. வீட்டில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு நாள் மருந்து கூடுதலாக. "சாயங்காலம் வந்து போட்டுக்கொள்ளலாம்" என்று அத்தையின் மாத்திரையை மேஜைமேல் விட்டுப் போகாதீர்கள்.

பாம்பு கடித்தால் சினிமாவில் செய்கிறபடி எதுவும் செய்யக் கூடாது. இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசைக் கழற்றி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-க்குச் சொல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது, பையில் இராது. பையிலுள்ள கட்டுத்துணி ஆளைப் பத்திரமாக அங்கே கொண்டு சேர்ப்பதற்கு மட்டுந்தான்.

தீப்பெட்டி ஏன் வேண்டாம்?

மேல்நாட்டு வேட்டைக்காரர்களின் பைகளில் தீப்பெட்டிக்கு முக்கியமான இடம் உண்டு. பனியில் வழி தவறினால் தீ மூட்டத் தெரிந்தவன்தான் பிழைப்பான். அந்தப் பட்டியலை அப்படியே எழுதிவைத்துக்கொண்டு நம் மலைக்குப் போகக் கூடாது. நம் காட்டில் மாசி பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது தீயே எமன்.

2018-ஆம் வருஷம் மார்ச் மாதம் 11-ஆந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மலையேறப் போன குழுவினர் காட்டுத் தீயில் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு நாள் இரண்டு நாள் சந்தோஷத்துக்காகக் கிளம்பிய, உங்களையும் என்னையும் போன்றவர்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் வகுத்தது. தடை விதித்த மாதங்களிலும் தடை விதித்த பாதைகளிலும் எப்படிப்பட்ட மூட்டை இருந்தாலும் போகக் கூடாது. தீப்பெட்டி, ஸ்டவ் இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும். அவைகளோடு சோப்பு, ஷாம்பு, கண்ணாடிப் பாட்டில், ஒரு தடவை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பைக்குள் அடங்காதது

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் பையில் பதில் இல்லாத கேள்வி ஒன்று உண்டு. அது வெள்ளம். 2024-ஆம் வருஷம் மே மாதம் 17-ஆந் தேதி பழைய குற்றாலத்தில் கோடை விடுமுறைக் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தது. மலைமேல் பெய்த மழை நிமிஷ நேரத்தில் காட்டாறாக இறங்கியது. ஜனங்கள் அலறியடித்து ஓடித் தப்பினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்து போனான். அருவிக்கரையில் வெயில் அடிக்கிறது என்பதால் மேலே மழை இல்லை என்று அர்த்தமாகாது. இந்த ஒன்றைக் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அடையாளங்கள் இருக்கின்றன. தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாகும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் ஓசை கனத்து மாறும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் துணியை எடுக்க நிற்கக் கூடாது. பைக்காகவும் நிற்கக் கூடாது. மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். வெள்ளம் வந்த ஓடையைக் கடக்க முயலாமல் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் உலர்ந்த துணியும் டார்ச்சும் கடலை மிட்டாயும் தங்கள் வேலையைச் செய்யும். அவை இருந்தால் காத்திருக்கத் தைரியம் வரும். இல்லாதவன்தான், "இருட்டுவதற்குள் போய்விடலாம், முழங்கால் தண்ணீர்தானே" என்று ஓடையில் இறங்குவான். மூட்டை வெள்ளத்தைத் தடுக்காது. அவசரப்படாமல் இருக்கச் செய்யும். அதுவே பெரிய உபகாரம்.

விசில் ஒன்று சொன்னேன் அல்லவா? அருவி ஓசையில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, விசில் கேட்கும். மூன்று தடவை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று தடவை. வழி தவறிய குழந்தை நடந்துகொண்டே இருக்கக் கூடாது. நின்ற இடத்தில் நின்று ஊத வேண்டும். இதை வீட்டிலேயே ஒரு விளையாட்டாகப் பழக்குங்கள். அக்கம்பக்கத்தார் இரண்டு நாள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

ஒரு துண்டுக் காகிதம்

கடைசியாகச் சொல்லுகிற சாமான் பைக்குள் போகாது, வீட்டில் தங்கும். ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதுங்கள். யார் யார் போகிறோம், எந்த வழி, எத்தனை மணிக்குள் திரும்புவோம், திரும்பாவிட்டால் எத்தனை மணிக்கு யாரிடம் சொல்ல வேண்டும். வனத்துறை அலுவலக நம்பர், வழிகாட்டியின் நம்பர், 108, 112. இதைச் சமையல் அறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். நடுவழியில் மனசு மாறி வேறு பாதையில் போகக் கூடாது. போனால் காகிதம் பொய்யாகிவிடும். தேடுகிறவர்கள் இல்லாத இடத்தில் தேடுவார்கள்.

போகிறவர்களைவிட, வீட்டில் இருக்கிறவர்களுக்கு அந்தக் காகிதத்தின் அருமை தெரியும். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வாசலில் நின்று, "இப்ப வந்துருவாக, இப்ப வந்துருவாக" என்று தெருமுனையைப் பார்த்திருப்பவர்கள் எத்தனை பேர்! எப்போது கவலைப்பட ஆரம்பிக்கலாம் என்றுகூடத் தெரியாமல் நிற்பதுதான் பெரிய அவஸ்தை. "எட்டு மணி வரை காத்திருங்கள், அதற்கு மேல் இந்த நம்பருக்குப் பேசுங்கள்" என்று எழுதி வைத்துவிட்டுப் போவது, வீட்டில் இருக்கிறவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை. வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சிநேகிதர்களோடு கிளம்பினாலும் இதை எழுதி வாங்காமல் வாசல் தாண்டவிடாதீர்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு எடுத்த எடுப்பில் காட்டுக்குப் போகச் சொல்லமாட்டேன். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்பொழித் திருமலைக் குமாரசாமியைப் பார்க்கப் போங்கள். மலைமேல் வரை ரோடு இருக்கிறது. அதை விட்டுவிட்டு, அறுநூற்றுச் சொச்சம் படிகளையும் கட்டிய மூட்டையோடு ஏறிப் பாருங்கள். எந்தப் பட்டை தோளை அறுக்கிறது, எந்தச் செருப்பு கடிக்கிறது, யார் தண்ணீரை முதலிலேயே குடித்துத் தீர்க்கிறார்கள் என்பதெல்லாம் முருகன் சந்நிதியிலேயே தெரிந்துவிடும். அங்கே தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம்.

சிங்கனுடைய வேட்டையும் கடைசியில் என்னவாயிற்று? சிங்கி நினைவாகவே இருந்து, வந்த பறவைகளையெல்லாம் கோட்டைவிட்டான். ஆனால் சிங்கியிடம் வந்து சேர்ந்துவிட்டான். கதையும் சுபமாக முடிந்தது.

திரும்பி வந்த இரவு எல்லோரும் அசதியில் தூங்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் மறக்காமல் பையை உதறி வெயிலில் காயப்போடுங்கள். குறைந்த பிளாஸ்திரியை வாங்கி வையுங்கள். டார்ச் பாட்டரியை எடுத்துத் தனியே வையுங்கள். உப்புப் பொட்டலத்தை மாற்றுங்கள். கடலை மிட்டாய் டப்பாவைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடலாம். வீட்டு வாசலை மிதித்தாகிவிட்டதல்லவா?